சுரங்க மண்மேடு: உயரமும் சாய்வும் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் ஒன்று விரிவடையும் செய்தி வரும்போதெல்லாம், கரியை எடுக்க வெட்டி நீக்கிய மண்ணைக் குவிக்கும் அதன் மண்மேட்டைப் பற்றி இரண்டு எண்கள்தாம் அச்சேறுகின்றன: எத்தனை மீட்டர் உயரம், எத்தனை டிகிரி சாய்வு. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பு வழங்கப்படும் தமிழ்ச் சுருக்கத்திலும் அநேகமாக அவ்வளவுதான் இருக்கும். '90 மீட்டர் உயரம், 28 டிகிரி சாய்வு, மேலே மரக்கன்றுகள்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் கேள்வி கேட்க எழுந்தவரும் உட்கார்ந்துவிடுகிறார். அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மேடு நிற்குமா சரியுமா என்று எந்தப் பொறியாளராலும் சொல்ல முடியாது. மேடு எதன்மேல் நிற்கிறது, அதற்குள் தண்ணீர் எவ்வளவு என்பதும் தெரிந்தால்தான் சொல்ல முடியும். இதை விளக்கவே இக்கடிதம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

உயரத்தை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அபர்வான் போதும். 1966 அக்டோபர் 21 காலை ஒன்பதேகால் மணியளவில் மெர்த்திர் வேல் சுரங்கத்தின் ஏழாம் எண் கழிவு மேடு சரிந்து, பண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டின் உயரம் சுமார் 34 மீட்டர்தான். இந்தியச் சுரங்கங்களில் இன்று அனுமதிக்கப்படும் ஒரே ஒரு பெஞ்சின் (மேட்டின் ஒரு படியின்) உயரத்தைவிடச் சற்றே அதிகம். மலைச்சரிவில், வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்த ஊற்றின்மேல் 1958இல் அங்கே கொட்டத் தொடங்கினார்கள். பாறைக் கழிவோடு, நிலக்கரியைக் கழுவிப் பிரித்தபின் மிஞ்சும் நுண்சேறும் அதே மேட்டுக்குப் போனது. தளர்வாகக் கொட்டி நீர் ஊறிப்போன மண் ஒருமுறை அசைந்தால் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள தண்ணீர் வெளியேற அவகாசம் இருக்காது. துகள்கள் தாங்கிக்கொண்டிருந்த பாரம் முழுவதும் தண்ணீரின் மீது விழ, மண் திடத்தன்மையை இழந்து ஓடத் தொடங்கும். அதனால்தான் சரிந்த மண் அடிவாரத்தில் குவிந்து நிற்காமல் அரை கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து ஊருக்குள் வந்தது. அதே மலையில் 1944இல் நான்காம் எண் மேடு சரிந்திருந்தது. 1963இல் இதே ஏழாம் எண் மேடும் ஒருமுறை நகர்ந்திருந்தது. எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணைத் தீர்ப்பாயம் பொறுப்பைத் தேசிய நிலக்கரி வாரியத்தின்மீது வைத்தது. 1969இல் பிரிட்டனில் கழிவு மேடுகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

நம் நாட்டில் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்க்கண்ட் மாநிலம் லால்மாட்டியாவில் ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தில் 23 தொழிலாளர்கள் புதைந்து இறந்தார்கள். மண்மேடு இருந்த பகுதியின் கெட்டித் தரையே 300 மீட்டர் நீளத்துக்கும் 110 மீட்டர் அகலத்துக்கும் சுமார் 35 மீட்டர் கீழிறங்கியதாகவும், மறைந்திருந்த பாறைப் பிளவு காரணமாக இருக்கலாம் என்றும் அப்போது நிலக்கரி அமைச்சகம் கூறியது. மழைக்காலம் முடிந்து மாதக்கணக்கான பிறகு நடந்த சரிவு இது. மேடு என்றால் மழையில்தான் சரியும் என்ற பொதுவான நம்பிக்கையையும் இது கேள்விக்குள்ளாக்குகிறது.

இனி விதியைப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி மண்மேட்டின் சாய்வு, கொட்டப்படும் பொருள் தானாகப் படியும் கோணத்தைப் பொறுத்தது, எப்படியானாலும் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. 30 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டைப் பெஞ்சுகளாகப் பிரிக்க வேண்டும். எந்தப் பெஞ்சும் 30 மீட்டருக்கு மிகக் கூடாது. மொத்தச் சாய்வு, 1 மீட்டர் உயரத்துக்கு 1.5 மீட்டர் கிடைத்தூரம் என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. சுற்றுச்சூழல் அனுமதிகளில் பெரும்பாலும் மொத்தச் சாய்வு 28 டிகிரி என்று இன்னும் மட்டமாகக் கேட்கிறார்கள். இவையெல்லாம் மீறக் கூடாத எல்லைகள். வடிவமைப்பை இந்த எல்லைக்குள் தனியாகக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும். எல்லையையே வடிவமைப்பாக எடுத்துக்கொண்டு வரைபடம் போடும் பழக்கம்தான் எங்களுக்குக் கவலை தருகிறது.

ஓர் எளிய கணக்கு. 90 மீட்டர் மேடு, 30 மீட்டரில் மூன்று பெஞ்சுகள், ஒவ்வொன்றின் முகமும் 37 டிகிரி. ஒரு பெஞ்சின் முகம் கிடைமட்டத்தில் சுமார் 40 மீட்டர் எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் 120 மீட்டர். ஒன்றுக்கு ஒன்றரை என்ற விதிக்கு மொத்தம் 135 மீட்டர் போதும். மிச்சம் 15 மீட்டர். அதைப் பெஞ்சுகளுக்கு இடையிலுள்ள இரண்டு சமதளத் தட்டுகளுக்கும் பங்கிட்டால் தலா ஏழரை மீட்டர் அகலம். நூறு டன் டம்பர் லாரியின் அகலமே சுமார் 6 மீட்டர். அந்தத் தட்டில் வடிகால் வெட்டவோ, மேலிருந்து உருண்டுவரும் கல்லைத் தடுக்கவோ, சரிந்ததை டோசர் விட்டு அள்ளவோ இடமில்லை. தட்டை 30 மீட்டராக்கினால் மொத்தக் கிடைத்தூரம் 180 மீட்டர். சாய்வு ஒன்றுக்கு இரண்டு.

தாங்கும் வலுவைத் தள்ளும் விசையால் வகுத்தால் வருவது பாதுகாப்புக் காரணி. 1 என்று வந்தால் மேடு விழும் தறுவாயில் இருக்கிறது. ஒட்டுத்திறன் இல்லாத உலர்ந்த உடைகல் மண்ணில், முகத்துக்கு இணையாக வழுக்கும் சரிவுக்கு இதைக் கணக்கிடுவது மிகச் சுலபம்: உராய்வுக் கோணத்தின் (மண்துகள்கள் வழுக்காமல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் திறனின் அளவு) டேன்ஜென்ட்டைச் சாய்வின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் போதும். உராய்வுக் கோணம் 35 டிகிரி என்றால், விதி அனுமதிக்கும் ஒன்றுக்கு ஒன்றரையில் கிடைப்பது 1.05. ஒன்றுக்கு இரண்டில் 1.40. பார்க்க நன்றாக இருக்கிறது. இப்போது தண்ணீரைச் சேர்ப்போம். 10 மீட்டர் ஆழத்தில் 4 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருந்தால், அதாவது மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீர் தூக்கிப் பிடித்தால், அந்த 1.40 மறுபடியும் 1.05க்கு வந்துவிடும். 45 மீட்டர் கூடுதல் அகலம் கொடுத்து வாங்கிய பாதுகாப்பை நாலு மீட்டர் தண்ணீர் தின்றுவிடுகிறது.

அந்த 45 மீட்டர் சும்மா வருவதில்லை. ஒரு கிலோமீட்டர் நீள மேட்டுக்கு அது நாலரை ஹெக்டேர், சுமார் 11 ஏக்கர். நிலம் எடுப்பதே தகராறாக இருக்கும் ஊர்களில், மேட்டைக் குறுகலாகவும் செங்குத்தாகவும் கட்டும் அழுத்தம் இங்கிருந்துதான் பிறக்கிறது. இதை ஒளிக்காமல் பேசினால்தான் விவாதம் உருப்படும். நிலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று ஊரும் கேட்கிறது, நிறுவனமும் கேட்கிறது. அதற்கான விலையைக் கொடுப்பவர் மேட்டின் அடிவாரத்தில் வேலை செய்பவரோ குடியிருப்பவரோ.

தரைக்கு வருவோம். இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடு வரப்போகும் இடத்தில் முதலில் பழைய நில அளவை வரைபடத்தை எடுத்து ஓடை, ஊற்று, தூர்ந்துபோன குளம், பழைய ஏரிப்படுகை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கோடையிலும் ஈரம் காயாத இடத்தைக் காட்டுவார்கள். அது எந்த ஆய்வுக்கும் குறைந்ததல்ல. பிறகு மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்குச் சோதனைக் குழிகள், அவற்றுக்கு இடையே கெட்டிப்பாறை தட்டும் வரை துளைகள். துளையிலிருந்து எடுக்கும் மண் கலையாத மாதிரியாக ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மொத்தத் தடிமன் 20 மீட்டராக இருந்தாலும் அதில் 10 சென்டிமீட்டர் களிமண் ஏடு ஒன்று போதும், எண்ணெய் தடவிய பலகைமேல் செங்கல் அடுக்கிய கதையாகிவிடும். அதனால்தான் துளைக் குறிப்பில் 'களிமண் கலந்த மணல்' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை ஏற்கக் கூடாது. அந்த ஏட்டின் சாய்வு எந்தப் பக்கம் என்பதும் தெரிய வேண்டும்.

களிமண்ணுக்கு இரண்டு வலிமைகள் உண்டு. முதல்முறை வெட்டும்போது, அதாவது ஒரு பகுதியை மற்றொன்றின்மேல் வழுக்கும்படி தள்ளும்போது, காட்டுவது உச்ச வலிமை. அதே தளத்தில் மீண்டும் மீண்டும் வழுக்கியபின் மிஞ்சுவது எச்ச வலிமை. பொங்கும் தன்மையுள்ள களிமண்ணில் எச்ச உராய்வுக் கோணம் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே ஒருமுறை நகர்ந்த தரைக்கும், பளபளப்பான வழுக்குத்தளங்கள் தெரியும் களிப்பாறைக்கும் உச்ச வலிமையைப் போட்டுக் கணக்கிட்டால் விடை அழகாக வரும், மேடு நிற்காது. பெட்டி வெட்டுச் சோதனையை முன்னும் பின்னும் பலமுறை திருப்பி ஓட்டி எச்ச வலிமையை அளக்க வேண்டும்.

மென்மையான களித்தரைமேல் எவ்வளவு உயரம் கொட்டலாம் என்பதற்கும் விரல்விட்டு எண்ணும் கணக்கு உண்டு. கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் குழி விழும் களிமண்ணின் வெட்டு வலிமை, நீர் வடிய நேரமில்லாத நிலையில், சுமார் 50 கிலோபாஸ்கல். அதன் தாங்குதிறன் ஏறக்குறைய ஐந்து மடங்கு, 257 கிலோபாஸ்கல். மண்மேட்டின் எடை கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்றால் 13 மீட்டர் உயரத்திலேயே தரை பிதுங்கத் தொடங்கும். 1.3 பாதுகாப்புக் காரணி வைத்தால் 10 மீட்டர். அப்படிப்பட்ட தரையில் 30 மீட்டர் பெஞ்சை ஒரே வீச்சில் கொட்டினால், சாய்வு 37 டிகிரியாக இருந்தாலும் 28 ஆக இருந்தாலும் வித்தியாசமில்லை. அடிவாரத்துக்கு வெளியே தரை புடைத்துக்கொண்டு எழும். வழி இரண்டு. களிமண் இரண்டு மூன்று மீட்டர்தான் என்றால் சுரண்டி எடுத்துவிட்டுக் கெட்டித் தரையில் தொடங்குவது. அது முடியாத தடிமன் என்றால் முதலில் 10 மீட்டர் கொட்டி, தரைக்குள் பியசோமீட்டர் (மண்ணுக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்து, நீரழுத்தம் இறங்கும்வரை காத்திருந்து அடுத்த அடுக்கைப் போடுவது. களிமண்ணின் தடிமன் இரட்டித்தால் காத்திருக்கும் காலம் நான்கு மடங்காகும். உற்பத்தி அட்டவணை போடுபவர்களுக்கு இந்த வரி பிடிப்பதில்லை.

தரை சரிவாக இருந்தால் மேல்மண்ணை உரித்துத் தனியே அடுக்கிவிட்டு, கெட்டித் தரையில் படிபடியாக வெட்டி, அடிவாரத்தில் அகலமான பள்ளம் தோண்டி உடைகல்லால் நிரப்பிப் பிடிமானம் கொடுக்க வேண்டும். செடிகொடிகளையும் புல்லையும் அப்படியே விட்டு மேலே கொட்டுவது பலரும் செய்யும் சோம்பேறித்தனம். அழுகும் தழை அடுக்கே ஒரு வழுக்குத்தளம்.

ஊற்றோ ஓடையோ இருக்கும் இடத்தைத் தவிர்ப்பதே முதல் வழி. தவிர்க்க முடியாவிட்டால் கொட்டுவதற்கு முன்பே அதன்மேல் கல்வடிகால் போட வேண்டும்: 150 முதல் 600 மில்லிமீட்டர் அளவுள்ள கெட்டி மணற்கல், இரண்டு மீட்டர் தடிமனுக்குக் குறையாமல். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது களிக்கல்லும் நிலக்கரி கலந்த ஷேலும் (ஏடேடாகப் பிளக்கும் களிப்பாறை) வந்து சேர்ந்துவிடும். வெட்டியெடுத்த அன்று இரும்புபோல் இருக்கும் களிக்கல், இரண்டுமுறை நனைந்து காய்ந்தால் சேறாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் கல்லைப் போட்டு மறுநாள் பார்த்தாலே பாதி விவரம் தெரிந்துவிடும். மீதியை ஆய்வகத்தின் சிதைவுச் சோதனை சொல்லும். வடிகாலுக்கும் மேலுள்ள மண்ணுக்கும் நடுவே வடிகட்டி அடுக்கு வேண்டும். அந்த அடுக்கின் எடையில் 15 விழுக்காடு எந்தச் சல்லடைத் துளையில் சலிக்கப்படுகிறதோ அந்த அளவு, மேலுள்ள மண்ணில் 85 விழுக்காடு சலிக்கப்படும் அளவின் ஐந்து மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நுண்மண் உள்ளே போய் இரண்டு மூன்று மழைக்காலத்தில் வடிகால் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்ட வடிகால், வடிகாலே இல்லாததைவிட மோசம். ஏனென்றால், வடிகாலை நம்பி வடிவமைப்பாளர் நீர்மட்டத்தைத் தாழ்வாக வைத்துக் கணக்குப் போட்டிருப்பார்.

மேட்டின் வெளி நீரைச் சுற்றுக்கால்வாய் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். எவ்வளவு பெரிய கால்வாய்? நீர் வடியும் பரப்பு 40 ஹெக்டேர், மழை மணிக்கு 75 மில்லிமீட்டர், அதில் ஓடி வருவது 60 விழுக்காடு என்று கொண்டால் விநாடிக்கு 5 கன மீட்டர். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் இரண்டரைச் சதுர மீட்டர் குறுக்குப் பரப்பு தேவை. வழக்கமாக வெட்டப்படும் மீட்டருக்கு மீட்டர் வாய்க்கால் இதில் பாதிகூட இல்லை. போதாததற்கு முதல் மழையிலேயே வண்டல் சேர்ந்து பாதி தூர்ந்துவிடும். ஆகவே வண்டல் தொட்டியும், ஐப்பசிக்கு முன் தூர் வாருவதற்கான தேதியும் வடிவமைப்பின் பகுதிதான். மேட்டின் தலையிலும் தட்டுகளிலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு மீட்டர் சரிவு விளிம்பிலிருந்து உள்நோக்கி இருக்க வேண்டும். உள்நோக்கி வந்த நீர் அங்கேயே தேங்கினால் முகத்தில் ஓடவிட்டதைவிடக் கேடு. தளமிட்ட வாய்க்கால் வழியாகப் பக்கவாட்டில் இறக்கிவிட வேண்டும்.

கொட்டும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. உயரத்திலிருந்து விளிம்பில் கவிழ்த்துக் கொட்டினால் பெருங்கல் உருண்டு அடிக்குப் போகும், நுண்மண் மேலே தங்கும். அடியில் நீர் வடிய அது நல்லதே. ஆனால் அந்த முகம் எப்போதும் தானாகப் படியும் கோணத்திலேயே, அதாவது பாதுகாப்புக் காரணி 1க்கு அருகிலேயே நிற்கும். ஒவ்வொரு லோடும் அதைச் சோதித்துக்கொண்டே இருக்கும். கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகப் பரப்பி, டம்பர் சக்கரங்களே மிதித்து இறுக்கும்படி கட்டுவது செலவு அதிகம். நிலைத்து நிற்பதும் அதுதான். எப்படிக் கொட்டினாலும் டம்பர் விளிம்புக்கு முன்பாகவே கவிழ்க்க வேண்டும், டோசர்தான் தள்ள வேண்டும். விளிம்பு மண்கரை, டயர் விட்டத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மழைக்குப் பிந்தைய சேற்றை வழித்து மேட்டின் முகத்தில் கொட்டிவிட்டு அதன்மேல் உலர்மண் போடுவது மிகப் பழைய தவறு. முகத்துக்கு இணையாக ஓர் ஈரக் களி ஏட்டை நாமே செய்து வைக்கிறோம். சேற்றுக்குத் தனி இடம், உள்ளே, விளிம்பிலிருந்து தள்ளி. நிலக்கரி கழுவிய நுண்சேறு பற்றிச் சொல்லவே வேண்டாம். மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் 1972 பிப்ரவரி 26 அன்று கழிவுக்கல்லால் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அந்த அணை, அதற்கு முந்தைய அணையின் பின்னால் படிந்த சேற்றின்மேல் எழுப்பப்பட்டிருந்தது.

கரித்தூளும் கரி கலந்த ஷேலும் மேட்டில் குவிந்தால் காற்றுப் புகுந்து உள்ளுக்குள் சூடேறித் தீப்பிடிக்கும். எரிந்த இடம் வெற்றிடமாகி மேற்பரப்பு உள்வாங்கும். அவற்றை மற்ற மண்ணோடு கலந்து, இறுக்கி, மேலே அரை மீட்டர் களிமண் போர்த்தினால் காற்று தடைப்படும்.

இரண்டு பொய்யான ஆறுதல்கள் உண்டு. ஒன்று அடிவாரச் சுவர். இரண்டு மூன்று மீட்டர் கல்சுவரோ கம்பிவலைக் கல்பெட்டியோ உருளும் கல்லையும் வண்டலையும் தடுக்கும், அவ்வளவுதான். 90 மீட்டர் மேட்டை அது பிடித்து நிறுத்தும் என்று நம்புவது வீண். மற்றொன்று மரம். புல்லும் வெட்டிவேரும் மேல்மண் அரிப்பை நன்றாகத் தடுக்கும். ஆழமான சரிவுத்தளம் இருபது முப்பது மீட்டர் கீழே ஓடும். வேர் அங்கே போகாது. பசுமையாக இருக்கும் மேட்டைப் படமெடுத்துப் போடுவதற்கு முன் இதையும் நினைவில் கொள்ளலாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெய்வேலி தெரியும். அங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மேல்மண்ணை நீக்க வேண்டியிருக்கிறது. வெட்டிய மண் ஊதிப் பெருகும் என்பதால் தரையில் ஒரு கன மீட்டராக இருந்தது மேட்டில் 1.3 கன மீட்டர் வரை ஆகும். தொடக்கத்தில் வெளியே குவித்தே ஆக வேண்டும். குழி நீண்டபின் பின்புறமாக உள்ளேயே நிரப்பலாம். உள்மேட்டில் தரை என்பது கரி எடுத்த பள்ளத்தின் அடித்தளம். அங்கே மிச்சமிருக்கும் கரித்தூளும் சேறும் வழிக்கப்படாவிட்டால் அதுவே வழுக்குத்தளம். அடித்தளம் நான்கைந்து டிகிரி குழிப்பக்கம் சாய்ந்திருந்தாலே கணக்கு மாறிவிடும். கடினத் தரையானால் வெடிவைத்துச் சொரசொரப்பாக்குவது உண்டு. நெய்வேலியில் கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீர்ப்படுகை வேறு. கிணறுகளில் ஓயாமல் நீரிறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் தரை எழும்பாமல் இருக்கும். மேட்டின் முன்முனையில் மண்பாரம் குறைவு, கீழிருந்து நீர் தூக்கும் விசை அப்படியே. ஆகவே அங்கே பம்புகள் எந்த வரிசையில் நிறுத்தப்படுகின்றன என்பது மேட்டின் உறுதியைச் சேர்ந்த விஷயம், மின்சாரச் செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கடலூர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை சில நாள்களிலேயே பேய்மழையாகக் கொட்டித் தீர்ப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கட்டியபின் கண்காணிப்பு. ராடார், செயற்கைக்கோள் எல்லாம் இன்று வந்துவிட்டன. இருப்பினும் விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசலின் இருபுறமும் இரண்டு முளைகளை அடித்து டேப்பால் தினமும் அளப்பதற்கு ஈடு இல்லை. டோசர்காரர் நல்ல எண்ணத்தோடு விரிசலை மண்போட்டு மூடிவிடுவார். அளந்து, முளை அடித்து, அதன்பிறகு மழைநீர் புகாமல் களிமண்ணால் மூட வேண்டும். நகர்வின் வேகத்தை எழுதி, 1ஐ அந்த வேகத்தால் வகுத்து, நாள்வாரியாக வரைபடத்தில் குறித்தால் பல சரிவுகளில் அது நேர்கோடாக இறங்கும். முதல் நாள் 10 மில்லிமீட்டர், மூன்றாம் நாள் 12.5, ஐந்தாம் நாள் 16.7, ஏழாம் நாள் 25 என்றால் வகுத்த எண்கள் 0.10, 0.08, 0.06, 0.04. கோட்டை நீட்டினால் பதினோராம் நாள் பூச்சியத்தைத் தொடும். அந்த நாளுக்குள் விழும் என்று எடுத்துக்கொண்டு, ஏழாம் நாளே கீழிருக்கும் ஆளையும் எந்திரத்தையும் வெளியேற்ற வேண்டும். மழை பெய்தால் கோடு இன்னும் செங்குத்தாகிவிடும் என்பதால் பதினொன்று என்பது உத்தரவாதம் அல்ல. அடிவாரம் புடைத்தல், வேலிக்கம்பம் சாய்தல், வாய்க்கால் தளம் எழும்புதல், புதிதாக ஈரம் கசிதல், ஓடிக்கொண்டிருந்த வடிகால் திடீரென நின்றுபோதல் ஆகியவையும் எச்சரிக்கைதான்; கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகிறார்கள். நகரத் தொடங்கிய மேட்டின் அடிவாரத்தைத் தோண்டக் கூடாது. தலையில் பாரத்தைக் குறைக்கலாம்; ஆபத்தில்லாத தூரத்திலிருந்து அணுக முடிந்தால் மட்டும் அடியில் கல்பாரம் ஏற்றலாம்.

ஆகவே உங்கள் செய்தியாளர்களிடமும், கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகும் வாசகர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். உயரம், சாய்வு ஆகியவற்றோடு இவற்றையும் கேளுங்கள். மேட்டுக்கு அடியில் எத்தனை துளை போட்டீர்கள், அவற்றின் குறிப்பு எங்கே? மிக மென்மையான ஏடு எது, அதற்கு எச்ச வலிமை அளந்தீர்களா? பாதுகாப்புக் காரணியைக் கணக்கிட்டபோது நீர்மட்டம் எங்கே இருப்பதாக வைத்தீர்கள், கல்வடிகால் அடைபட்டால் அந்த எண் எவ்வளவாகும்? சுற்றுக்கால்வாய் எந்த மழைக்கு? விரிசல் எவ்வளவு விரிந்தால் கொட்டுவதை நிறுத்துவீர்கள், அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அந்த ஷிஃப்டில் யாருக்கு? கடைசிக் கேள்விக்குப் பதவிப் பெயரோடு பதில் வர வேண்டும், 'நிர்வாகம்' என்று வந்தால் மறுபடி கேட்க வேண்டும். பியசோமீட்டர் அளவுகளை மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, அடிவாரத்திலுள்ள ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

இப்படிக்கு,
சுரங்கப் பொறியாளர்களும் மண்ணியல் பொறியாளர்களும்,
கடலூர் மாவட்டம்.